சொந்தக் கட்சிக்குள்ளேயே தோற்பது எப்படி? அமெரிக்கக் காங்கிரஸ் பிரைமரிகளில் போட்டி உருவாகும் விதம்

2014 ஜூன் 10 அன்று எரிக் கான்டர் தோற்றார். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் பிரதிநிதிகள் சபையில் பெரும்பான்மைக் கட்சியின் தலைவராக இருந்தவர் அவர். தோற்கடித்தது எதிர்க்கட்சி இல்லை; அவருடைய சொந்தக் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த டேவ் பிராட் என்ற பொருளாதாரப் பேராசிரியர். கான்டர் தரப்பு 50 லட்சம் டாலருக்கு மேல் செலவழித்திருந்தது. பிராட் தரப்பின் செலவு சுமார் 2 லட்சம் டாலர். அந்தத் தலைவர் பதவி 1899-இல் உருவானதிலிருந்து, அதில் இருந்த ஒருவர் இப்படித் தோற்றது அதுவே முதல் முறை.

நான்கு ஆண்டு கழித்து, 2018 ஜூன் 26 அன்று, நியூயார்க்கில் இன்னொரு அதிர்ச்சி. ஜனநாயகக் கட்சியின் மூத்த தலைவர்களில் ஒருவரான ஜோ கிரௌலி, 28 வயதான அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ-கார்டெஸிடம் தோற்றார். 1999 முதல் உறுப்பினராக இருந்த கிரௌலியைக் கட்சிக்குள் எதிர்த்து 2004-க்குப் பிறகு யாரும் நின்றதே இல்லை.

இப்படிச் செய்தி வரும்போதெல்லாம் இரண்டு கேள்விகள் எழுகின்றன. பதவியில் இருப்பவர் தன் கட்சியிடமே எப்படித் தோற்கிறார்? தோற்க முடியும் என்றால், ஏன் அது அடிக்கடி நடப்பதில்லை? 2018-இல் மீண்டும் நின்ற 370-க்கும் மேற்பட்ட பிரதிநிதிகள் சபை உறுப்பினர்களில் கட்சிக்குள் தோற்றவர்கள் 4 பேர்தான். 2024-இலும் 4 பேர்தான். இந்தத் தேர்தல் தானாகச் சூடுபிடிப்பதில்லை. சில நிலைமைகள் சேர வேண்டியிருக்கிறது.

பிரைமரி என்றால் என்ன?

கட்சித் தலைமை பட்டியல் வெளியிடும், அதில் பெயர் இருப்பவர் வேட்பாளர் என்ற வழக்கம் அமெரிக்காவில் இல்லை. நவம்பரில் நடக்கும் பொதுத் தேர்தலில் ஒரு கட்சியின் சார்பில் யார் நிற்பது என்பதையும் வாக்காளர்களே இன்னொரு தேர்தல் வைத்து முடிவு செய்கிறார்கள். அந்த முன்தேர்தலுக்குப் பெயர்தான் பிரைமரி. அதை நடத்துவது பெரும்பாலும் மாநில அரசின் தேர்தல் அமைப்பு. வாக்குச்சாவடி, வாக்குச்சீட்டு, எண்ணிக்கை எல்லாம் மற்ற தேர்தல்களைப் போலவே நடக்கும்.

ஆரம்பத்திலிருந்தே இப்படி இருக்கவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் கட்சி மாநாடுகளும், அவற்றைக் கையில் வைத்திருந்த உள்ளூர்ப் பெரும்புள்ளிகளும்தான் வேட்பாளரைத் தீர்மானித்தார்கள். அந்தப் பிடியை உடைக்க வேண்டும் என்று விஸ்கான்சின் ஆளுநர் ராபர்ட் லா ஃபோலெட் போராடினார். அவர் காலத்தில்தான் 1903-இல் மாநிலம் முழுவதற்குமான நேரடிப் பிரைமரிச் சட்டம் அங்கே வந்தது. பிறகு மற்ற மாநிலங்களும் அந்த வழிக்கு வந்தன.

பிரதிநிதிகள் சபையில் 435 இடங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தேர்தல். காங்கிரஸின் மற்றோர் அவையான செனட்டில் 100 இடங்கள், ஆறு ஆண்டுப் பதவிக்காலம். ஆனால் பிரைமரியின் தேதியையும் விதிகளையும் ஒவ்வொரு மாநிலமும் தானே வகுத்துக்கொள்கிறது. சில மாநிலங்களில் மார்ச்சில் நடக்கும், சிலவற்றில் செப்டம்பரில். யார் வாக்களிக்கலாம் என்பதிலும் முக்கியமாக நான்கு வகைகள் இருக்கின்றன:

1. மூடிய பிரைமரி. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும்போதே "நான் இந்தக் கட்சி" என்று பதிவு செய்தவர்கள் மட்டுமே அந்தக் கட்சியின் பிரைமரியில் வாக்களிக்கலாம். நியூயார்க், ஃபுளோரிடா, பென்சில்வேனியா போன்றவை இப்படி. இந்தப் பதிவுக்குச் சந்தாவோ உறுப்பினர் அட்டையோ தேவையில்லை, படிவத்தில் ஒரு கட்டத்தை நிரப்பினால் போதும்.
2. திறந்த பிரைமரி. எந்த வாக்காளரும் எந்தக் கட்சியின் பிரைமரியிலும் வாக்களிக்கலாம். ஆனால் ஒரே நேரத்தில் ஒரு கட்சியில் மட்டும்தான். மிச்சிகன், ஜார்ஜியா, வர்ஜீனியா இந்த வகை.
3. முதல் இருவர் முறை. எல்லாக் கட்சி வேட்பாளர்களும் ஒரே வாக்குச்சீட்டில் இருப்பார்கள், எல்லோரும் வாக்களிக்கலாம். கட்சி எதுவானாலும் முதல் இரண்டு இடம் பெறுபவர்கள் நவம்பருக்குப் போவார்கள். வாஷிங்டன் மாநிலத்திலும் கலிபோர்னியாவிலும் இப்படி.
4. முதல் நால்வர் முறை. அலாஸ்கா 2022-இலிருந்து பின்பற்றும் வழி. நால்வர் நவம்பருக்குப் போவார்கள், அங்கே வாக்காளர்கள் விருப்ப வரிசைப்படி எண் இட்டு வாக்களிப்பார்கள்.

இந்த விதிகளைப் பிறகு விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கும். யார் பிழைக்கிறார், யார் வீழ்கிறார் என்பதைப் பல நேரம் இவைதான் தீர்மானிக்கின்றன.

எது போட்டி, எது வெறும் கூட்டம்?

ஒரு பிரைமரியில் எட்டுப் பேர் நின்றால் அது கடும் போட்டி என்று நினைத்துவிடக் கூடாது. எட்டில் ஏழு பேர் பெயருக்கு நிற்பவர்களாக இருக்கலாம். நாடே பேசுகிற மோதல் என்பதாலும் முடிவு நெருக்கமாக இருக்கும் என்று சொல்ல முடியாது. 2022-இல் நியூயார்க்கின் 12-ஆம் தொகுதியில் ஜெரி நாட்லர், கரோலின் மலோனி என்ற இரண்டு மூத்த உறுப்பினர்கள் மோதினார்கள். இருவரும் தலா 30 ஆண்டு காலம் சபையில் இருந்தவர்கள். பத்திரிகைகள் வாரக்கணக்கில் எழுதின. முடிவில் நாட்லர் 55 சதவீதம், மலோனி 24 சதவீதம். கான்டர் கதை இதற்கு நேர்மாறு. அங்கே ஒரு போட்டி நடக்கிறது என்றே யாரும் கவனிக்கவில்லை. அவர் 11 புள்ளி வித்தியாசத்தில் தோற்றார்.

அதனால் இந்தக் கட்டுரையில் "போட்டி" என்று சொல்வது இதைத்தான்: குறைந்தது இரண்டு பேருக்கு வெல்லும் வாய்ப்பு மெய்யாகவே இருக்க வேண்டும். அந்த வாய்ப்பு எங்கிருந்து வருகிறது என்று இனிப் பார்ப்போம்.

போட்டியை உண்டாக்கும் நிலைமைகள்

1. அந்தச் சீட்டுக்கு மதிப்பு இருக்க வேண்டும்

எதையும்விட இதுதான் அடிப்படை. நவம்பரில் எப்படியும் தோற்கப்போகிற கட்சியின் சீட்டுக்காக யாரும் ஆண்டுக்கணக்கில் உழைத்துக் கடன்பட மாட்டார்கள். அதனால் ஒரு கட்சி உறுதியாக ஜெயிக்கும் தொகுதிகளில்தான் அந்தக் கட்சியின் பிரைமரிக்கு மதிப்பு அதிகம். ஒகாசியோ-கார்டெஸ் பிரைமரியில் வென்ற பிறகு, நவம்பரில் 78 சதவீத வாக்குகள் பெற்றார். அந்தத் தொகுதியின் உறுப்பினர் யார் என்ற கேள்விக்கு ஜூன் 26 அன்றே விடை கிடைத்துவிட்டது.

435 தொகுதிகளில் பெரும்பாலானவை இப்படி ஏதோ ஒரு கட்சியின் கோட்டைகள். ஒரே கருத்துள்ளவர்கள் ஒரே இடத்தில் வாழ்வது ஒரு காரணம். மாநிலச் சட்டமன்றங்கள் ஆளும் கட்சிக்குச் சாதகமாக எல்லை வரைவது இன்னொரு காரணம். இரு கட்சியும் சமபலத்தில் இருக்கும் தொகுதிகள் கொஞ்சம்தான். அங்கே "நவம்பரில் ஜெயிக்கக்கூடிய ஆளைக் கெடுத்துவிட வேண்டாம்" என்று கட்சிக்காரர்களே உள்மோதலைத் தவிர்க்கப் பார்ப்பார்கள்.

2. நாற்காலி காலியாக இருக்க வேண்டும்

கடும் போட்டிக்கு மிகச் சாதாரணமான காரணம், பதவியில் இருப்பவர் விலகுவதுதான். ஒரே மனிதரின் இரண்டு தேர்தல்களை வைத்துப் பார்த்தால் இது நன்றாகப் புரியும்.

தமிழ்க் குடும்பத்தில் பிறந்து இல்லினாயில் வளர்ந்த ராஜா கிருஷ்ணமூர்த்தி, 2012-இல் சிகாகோவின் புறநகரில் உள்ள 8-ஆம் தொகுதியில் ஜனநாயகக் கட்சிப் பிரைமரியில் நின்றார். எதிரில் டாமி டக்வொர்த். ஈராக் போரில் இரண்டு கால்களையும் இழந்த ராணுவ விமானி, நாடறிந்த பெயர், கட்சித் தலைவர்களின் ஆதரவும் அவருக்குத்தான். கிருஷ்ணமூர்த்தி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வாக்குகளோடு தோற்றார். நான்கு ஆண்டு கழித்து டக்வொர்த் செனட்டுக்குப் போட்டியிடக் கிளம்பினார், தொகுதி காலியானது. அதே கட்சி, அதே 8-ஆம் எண் தொகுதி, அதே வேட்பாளர். 2016-இல் கிருஷ்ணமூர்த்தி பிரைமரியில் தெளிவாக வென்று சபைக்குப் போனார். முதல் தோல்வியில் கிடைத்த அறிமுகமும் நன்கொடையாளர் தொடர்பும் அவருக்கு இரண்டாம் முறை உதவின. பிரைமரிகளில் இரண்டாம் முயற்சியில் வெல்பவர்கள் நிறைய இருப்பது தற்செயல் இல்லை. சிகாகோவில் மேரி நியூமன், செயின்ட் லூயிஸில் கோரி புஷ் இருவரும் 2018-இல் நடப்பு உறுப்பினர்களிடம் தோற்று, 2020-இல் அதே ஆட்களை வீழ்த்தியவர்கள்.

அதே 2016-இல் சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபாலும் காலியான நாற்காலி வழியாகத்தான் வந்தார். வாஷிங்டன் மாநிலத்தின் சியாட்டில் தொகுதியில் 28 ஆண்டு இருந்த ஜிம் மெக்டெர்மட் ஓய்வு அறிவித்ததும் பலர் களத்தில் குதித்தார்கள். ஜெயபால் 42 சதவீதம் பெற்று முதலிடம் வந்தார். முதல் இருவர் முறை என்பதால் இரண்டாம் இடத்துக்குத்தான் இழுபறி. கடைசியில் நவம்பரில் நின்ற இருவருமே ஜனநாயகக் கட்சிக்காரர்கள்.

காலியான தொகுதியில் போட்டி எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு ஒரு உச்சம் 2024-இல் நடந்தது. கலிபோர்னியாவின் 16-ஆம் தொகுதியில் ஆனா எஷூ ஓய்வு பெற்றதும், இரண்டாம் இடத்தில் ஜோ சிமிட்டியன், எவன் லோ இருவரும் சரியாக 30,249 வாக்குகள் வாங்கினார்கள். மறு எண்ணிக்கையில் லோ 5 வாக்கு கூடுதல் என்று முடிவானது.

3. பதவியில் இருப்பவரிடம் ஒரு விரிசல்

நாற்காலியில் ஆள் இருக்கும்போது போட்டி வர வேண்டுமென்றால், அவருக்கும் தொகுதிக்கும் இடையில் ஏதாவது விலகியிருக்க வேண்டும். ஊழல், வழக்கு, முதுமை போன்றவை வெளியே தெரிகிற காரணங்கள். வெளியே தெரியாதது தொகுதியின் முகம் மாறுவது. கிரௌலியின் தொகுதி குவீன்ஸ், பிராங்க்ஸ் பகுதிகளில் பரவியது. அவர் பதவிக்கு வந்த காலத்தில் இருந்த மக்கள் வேறு. 2018-இல் அங்கே ஏறக்குறைய பாதிப்பேர் லத்தீன் அமெரிக்க வேர் உள்ளவர்கள். தலைநகர் வாஷிங்டனில் தலைவராக உயர உயர, ஊரில் அவரை நேரில் பார்ப்பது அரிதானது. கான்டருக்கும் இதே சிக்கல். குடியேற்ற விவகாரத்தில் அவர் வளைந்துகொடுக்கிறார் என்று கட்சியின் தீவிர ஆதரவாளர்கள் கோபத்தில் இருந்தபோது, அவர் தேசிய அரசியலில் மூழ்கியிருந்தார்.

ஒரே ஒரு வாக்கெடுப்பும் விரிசலாகலாம். 2021 ஜனவரியில் டிரம்ப் மீதான பதவிநீக்கத் தீர்மானத்தை ஆதரித்த குடியரசுக் கட்சிப் பிரதிநிதிகள் 10 பேர். 2022 தேர்தலில் அவர்களில் 4 பேர் நிற்கவே இல்லை. 4 பேர் பிரைமரியில் தோற்றார்கள். அவர்களில் வயோமிங்கின் லிஸ் செனி வாங்கியது 29 சதவீதம். டிரம்ப் ஆதரித்த ஹாரியட் ஹேக்மனுக்கு 66 சதவீதம். செனியிடம் பணத்துக்குக் குறைவே இல்லை. எதிர்க்கட்சி வாக்காளர்கள் பலர் கட்சிப் பதிவை மாற்றிக்கொண்டு வந்து அவருக்கு வாக்களித்தும் பார்த்தார்கள். பலனில்லை. மீதி 2 பேர் பிழைத்தார்கள். அவர்கள் பிழைத்த விதத்தை விதிகள் பற்றிய பகுதியில் பார்க்கலாம்.

4. எல்லைக்கோடு மாறுவது

பத்து ஆண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பிறகு தொகுதி எல்லைகள் மறுபடி வரையப்படும். அப்போது இரண்டு உறுப்பினர்கள் ஒரே தொகுதிக்குள் மாட்டிக்கொள்வதுண்டு. 2022-இல் மேற்கு வர்ஜீனியா, இல்லினாய், ஜார்ஜியா, மிச்சிகன், நியூயார்க் என்று பல மாநிலங்களில் ஒரே கட்சியின் நடப்பு உறுப்பினர்கள் மோதிக்கொண்டது இதனால்தான். இத்தகைய மோதலில் கவனிக்க வேண்டியது, புதிய தொகுதியில் யாருடைய பழைய வாக்காளர்கள் அதிகம் என்பது.

அலபாமாவில் நடந்ததை ஒரு பாடமாகவே எடுத்துக்கொள்ளலாம். அந்த மாநிலத்தின் வரைபடம் கறுப்பின வாக்காளர்களின் பலத்தைச் சிதறடிக்கிறது என்ற வழக்கில் 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. நீதிமன்றம் வழியாகப் புதிய வரைபடம் வந்தது. அதன் பலனாக 2024-இல் இரண்டு பிரைமரிகள் ஒரே சமயத்தில் சூடுபிடித்தன. புதிய 2-ஆம் தொகுதியில் ஜனநாயகக் கட்சிக்கு வெற்றி வாய்ப்பு பிறந்தது. சீட்டுக்கு மதிப்பு வந்ததுமே 11 பேர் நின்றார்கள், இரண்டாம் சுற்றில் ஷோமாரி ஃபிகர்ஸ் வென்றார். பக்கத்து 1-ஆம் தொகுதியில் குடியரசுக் கட்சியின் பாரி மூர், ஜெரி கார்ல் என்ற இரண்டு நடப்பு உறுப்பினர்கள் மோதவேண்டி வந்தது. கார்ல் பதவி இழந்தார். இரண்டு ஊர்களிலும் அதற்கு முந்தைய தேர்தலில் இப்படி ஒரு போட்டி இல்லை.

2025-இல் இது இன்னும் விரைவானது. கணக்கெடுப்புக்குக் காத்திராமல் டெக்சாஸ் ஆகஸ்டில் புதிய வரைபடத்தை நிறைவேற்றியது. அதற்குப் பதிலடியாக கலிபோர்னியா வாக்காளர்கள் நவம்பரில் தங்கள் வரைபடத்தை மாற்ற ஒப்புதல் கொடுத்தார்கள். எல்லை அடிக்கடி மாறினால் பிரைமரி மோதல்களும் அடிக்கடி வரும்.

5. பணம், ஆனால் போதுமான அளவு

தனிநபர் ஒருவர் ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலுக்குக் கொடுக்கக்கூடிய நன்கொடைக்கு உச்சவரம்பு உண்டு. 2025-26 சுற்றுக்கு அது 3,500 டாலர். பிரைமரி ஒரு தேர்தல், நவம்பர் இன்னொரு தேர்தல் என்று தனித்தனியாகக் கணக்கு. ஆனால் இரண்டு இடங்களில் வரம்பு இல்லை. ஒன்று, வேட்பாளர் தன் சொந்தப் பணத்தைக் கொட்டலாம். இன்னொன்று, வேட்பாளரோடு கலந்து திட்டமிடாமல் தனியாகச் செலவழிக்கும் "சூப்பர் பேக்" என்ற குழுக்கள். 2010-இல் வந்த நீதிமன்றத் தீர்ப்புகளுக்குப் பிறகு இவை எவ்வளவு வேண்டுமானாலும் திரட்டிச் செலவழிக்கலாம்.

2024-இல் நியூயார்க்கின் 16-ஆம் தொகுதியில் ஜமால் போமனை எதிர்த்து ஜார்ஜ் லாட்டிமர் நின்றார். இஸ்ரேல் ஆதரவு அமைப்பான ஐபேக்கின் சூப்பர் பேக் மட்டும் 1 கோடியே 40 லட்சம் டாலருக்கு மேல் அங்கே இறக்கியது. அதுவரை நடந்த பிரதிநிதிகள் சபைப் பிரைமரிகளிலேயே விளம்பரச் செலவு மிக அதிகமான தேர்தல் அது. போமன் 17 புள்ளி பின்தங்கித் தோற்றார். அதே சமயம் லாட்டிமர் அந்த வெஸ்ட்செஸ்டர் மாவட்டத்தின் நிர்வாகத் தலைவராக எல்லோருக்கும் தெரிந்தவர் என்பதையும் மறந்துவிடக் கூடாது. விரிசலும் வலுவான எதிராளியும் ஏற்கெனவே இருந்த இடத்தில்தான் பணம் வந்து சேர்ந்தது.

கான்டரின் 50 லட்சமும் பிராட்டின் 2 லட்சமும் சொல்வது இதைத்தான். சவால் விடுபவருக்கு நடப்பு உறுப்பினரைவிட அதிகப் பணம் தேவையில்லை. தான் யார் என்று வாக்காளருக்குச் சொல்லுமளவுக்கு இருந்தால் போதும். அந்த அளவை எட்டாதவர்கள்தான் பெரும்பாலோர். அதனால்தான் பெரும்பாலான பிரைமரிகள் ஓசையின்றி முடிகின்றன.

6. வருகிற வாக்காளர் எத்தனை பேர்?

ஒரு தொகுதியில் சராசரியாக 7 லட்சத்து 60 ஆயிரம் மக்கள். கிரௌலி தோற்ற பிரைமரியில் விழுந்த மொத்த வாக்குகள் 30 ஆயிரத்துக்கும் குறைவு. அந்தத் தொகுதியில் ஜனநாயகக் கட்சிக்குப் பதிவு செய்தவர்கள் மட்டுமே 2 லட்சத்துக்கும் மேல். இவ்வளவு குறைந்த வாக்குப்பதிவில், வீடு வீடாகப் போய்க் கூடுதலாகச் சில ஆயிரம் பேரைச் சாவடிக்கு அழைத்து வந்தால் முடிவே மாறிவிடும்.

வாக்குப்பதிவைத் தீர்மானிப்பதில் நாள்காட்டிக்குப் பெரும் பங்கு. 2018-இல் நியூயார்க் மாநிலம் காங்கிரஸுக்கான பிரைமரியை ஜூனிலும், ஆளுநர், மாநிலச் சட்டமன்றப் பிரைமரிகளை செப்டம்பரிலும் வைத்திருந்தது. கட்சிப் பதிவை மாற்ற வேண்டியவர்கள் அதற்கு முந்தைய ஆண்டு அக்டோபருக்குள்ளேயே மாற்றியிருக்க வேண்டும். நாடு முழுவதும் பார்த்தாலும் நிலைமை பெரிதாக மாறாது. 2022 பிரைமரிகளில் வாக்களித்தவர்கள் தகுதியுள்ளோரில் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான். கோட்டைத் தொகுதிகளில் உண்மையான தேர்தல் பிரைமரிதான் என்னும்போது, இந்த எண்ணிக்கை வேதனை தருகிறது.

விதிகள் முடிவை மாற்றும் இடங்கள்

இனி, தள்ளிவைத்த விதிகளுக்கு வருவோம். பிரைமரிச் செய்திகளில் மிகக் குறைவாக எழுதப்படுவது இதுதான், மிக அதிகம் விளக்குவதும் இதுதான் என்பது என் எண்ணம்.

முதலில், வெல்ல எவ்வளவு வாக்கு வேண்டும்? பல மாநிலங்களில் பாதிக்கு மேல் தேவையில்லை, மற்றவர்களைவிட ஒரு வாக்கு அதிகம் வாங்கினால் போதும். 2022-இல் டெட்ராய்ட் நகரை உள்ளடக்கிய மிச்சிகனின் 13-ஆம் தொகுதியில் 9 பேர் நின்றார்கள். கர்நாடகத்தின் பெலகாவிப் பகுதியிலிருந்து அமெரிக்கா போய்த் தொழிலில் சம்பாதித்த ஸ்ரீ தானேதார், பல லட்சம் டாலர் சொந்தப் பணத்தோடு நின்று 28 சதவீத வாக்குகளில் வென்றார். கறுப்பின வேட்பாளர்கள் பலர் நின்று வாக்குகள் சிதறியதால், ஏறக்குறைய 70 ஆண்டுகளில் முதல்முறையாக டெட்ராய்ட் நகருக்குக் காங்கிரஸில் கறுப்பின உறுப்பினர் இல்லாமல் போனார். அதே மாதம் நியூயார்க்கின் 10-ஆம் தொகுதியில் டான் கோல்ட்மன் வென்றது சுமார் 26 சதவீத வாக்கில்.

டெக்சாஸ், ஜார்ஜியா, அலபாமா போன்ற தென்மாநிலங்களில் இது செல்லாது. யாருக்கும் பாதிக்கு மேல் வராவிட்டால் முதல் இருவருக்கும் இரண்டாம் சுற்று. 2022 மார்ச்சில் டெக்சாஸின் 28-ஆம் தொகுதியில் ஹென்றி குவெயார் 48.7 சதவீதம், ஜெசிக்கா சிஸ்னெரோஸ் 46.6 சதவீதம் வாங்கினார்கள். மூன்றாம் வேட்பாளர் வாங்கிய கொஞ்சம் வாக்குகள் இரண்டாம் சுற்றுக்குத் தள்ளின. மே மாதம் நடந்த அந்தச் சுற்றில், மறு எண்ணிக்கைக்குப் பிறகு, குவெயார் 289 வாக்கில் தப்பினார். வட கரோலினாவில் வரம்பு 30 சதவீதம். அதே 2022-இல் அங்கே நடப்பு உறுப்பினர் மேடிசன் காதார்ன் சுமார் 32 சதவீதமும், சக் எட்வர்ட்ஸ் 33 சதவீதமும் பெற்றார்கள். 30-ஐத் தாண்டிவிட்டதால் எட்வர்ட்ஸ் அன்றைக்கே வென்றார். டெக்சாஸ் விதி அங்கே இருந்திருந்தால் காதார்னுக்கு இன்னொரு சுற்று கிடைத்திருக்கும்.

வாக்குச்சீட்டில் பெயர் ஏறுவதே சிலருக்குத் தடை. 2022-இல் தானேதாரிடம் இரண்டாம் இடம் வந்த ஆடம் ஹோலியர் 2024-இல் மறுபடி களமிறங்கினார். செல்லத்தக்க கையெழுத்துகள் போதுமான அளவு இல்லை என்று அவர் பெயர் வாக்குச்சீட்டிலிருந்து நீக்கப்பட்டது. நெருக்கமாக இருந்திருக்கக்கூடிய ஒரு பிரைமரி, வாக்குப்பதிவுக்கு முன்பே தன் முக்கியப் போட்டியாளரை இழந்தது.

கட்சி வாக்காளர்கள் மட்டும் முடிவு செய்கிறார்களா, எல்லோருமா என்பது கடைசி விதி. பதவிநீக்கத்தை ஆதரித்துப் பிழைத்த அந்த 2 பேர் வாஷிங்டன் மாநிலத்தின் டான் நியூஹவுஸும் கலிபோர்னியாவின் டேவிட் வலடேயோவும். இரண்டுமே முதல் இருவர் முறை உள்ள மாநிலங்கள். நியூஹவுஸுக்கு விழுந்தது சுமார் 25 சதவீதம். அவரை எதிர்த்த கட்சிக்காரர்களின் வாக்குகள் பலரிடம் பிரிந்ததால் அதுவே போதுமானதாக இருந்தது. வலடேயோவும் ஏறக்குறைய அதே அளவு வாங்கி இரண்டாம் இடத்தைப் பிடித்தார். செனி அந்த ஆண்டு வாங்கிய 29 சதவீதம் இவர்கள் வாங்கியதைவிடச் சற்றே அதிகம் என்பதைக் கவனித்தால் விதியின் பலம் விளங்கும்.

அலாஸ்காவின் செனட்டர் லீசா முர்கௌஸ்கி இரண்டு விதிகளின் கீழும் வாழ்ந்து பார்த்தவர். 2010-இல் கட்சிப் பிரைமரியில் ஜோ மில்லரிடம் தோற்றார். நவம்பரில் வாக்காளர்கள் அவர் பெயரைக் கையால் எழுதி வாக்களித்துத்தான் அவரைக் காப்பாற்றினார்கள். 2022-இல் முதல் நால்வர் முறை வந்திருந்தது. டிரம்ப் ஆதரவு பெற்ற கெல்லி சிபாகா எதிர்த்து நின்றும், அந்த முறையில் முர்கௌஸ்கி சிரமமின்றி நவம்பருக்குப் போய் வென்றார்.

முதல் இருவர் முறையிலும் விபரீதங்கள் உண்டு. 2012-இல் கலிபோர்னியாவின் 31-ஆம் தொகுதி ஜனநாயகக் கட்சிக்குச் சாதகமானது. அந்தக் கட்சியில் 4 பேர் நின்று வாக்கைப் பங்கிட்டுக்கொண்டார்கள். குடியரசுக் கட்சியில் நின்றவர்கள் 2 பேர். அந்த இருவருமே முதல் இரண்டு இடங்களைப் பிடித்ததால் நவம்பர் வாக்குச்சீட்டில் ஜனநாயகக் கட்சியின் பெயரே இல்லை.

இதன் விளைவுகள் எங்கே தெரிகின்றன?

பிரைமரியில் தோற்பவர்கள் எண்ணிக்கை சொற்பம் என்று முதலிலேயே பார்த்தோம். ஆனால் அந்தச் சொற்பம் மற்றவர்களை நடுங்க வைக்கப் போதும். கோட்டைத் தொகுதியில் இருக்கும் உறுப்பினருக்கு நவம்பரைப் பற்றிக் கவலையில்லை. அவர் அஞ்சும் ஒரே நாள் பிரைமரி நாள். அதனால் ஒரு மசோதாவில் எதிர்க்கட்சியோடு சமரசம் செய்யலாமா என்று யோசிக்கும்போது, அவர் மனதில் வருவது தொகுதியின் 7 லட்சம் பேர் இல்லை, பிரைமரிக்கு வரும் சில பத்தாயிரம் தீவிர ஆதரவாளர்கள்தான்.

சில மாநிலங்கள் கதவை இன்னும் இறுக்கமாக மூடுகின்றன. செனி தோற்ற தேர்தலில் எதிர்க்கட்சியினர் பதிவை மாற்றிக்கொண்டு வந்ததைப் பார்த்த வயோமிங், வேட்புமனுக் காலம் தொடங்கிய பிறகு கட்சி மாறக் கூடாது என்று 2023-இல் சட்டம் போட்டது.

எதிர்க்கட்சியே பிரைமரிக்குள் கை நுழைப்பதும் நடக்கிறது. 2022-இல் மிச்சிகனின் 3-ஆம் தொகுதியில் பதவிநீக்கத்தை ஆதரித்த பீட்டர் மைஜரை ஜான் கிப்ஸ் எதிர்த்தார். ஜனநாயகக் கட்சியின் தேர்தல் குழு 4 லட்சம் டாலருக்கு மேல் செலவழித்து, கிப்ஸ் எவ்வளவு தீவிரமான டிரம்ப் ஆதரவாளர் என்று குடியரசுக் கட்சி வாக்காளர்களுக்கு விளம்பரம் செய்தது. கிப்ஸ் பிரைமரியில் வென்றார். நவம்பரில் ஜனநாயகக் கட்சியின் ஹிலரி ஸ்கோல்டனிடம் தோற்றார். கணக்கு பலித்தது. ஆனால் ஆபத்து தெரிந்தும் மனசாட்சிப்படி வாக்களித்த ஒருவரை வீழ்த்த இப்படிச் செய்தது தவறு என்றே நான் கருதுகிறேன்.

வாஷிங்டன் மாநிலத்தின் 3-ஆம் தொகுதியில் வெளியிலிருந்து யாரும் அப்படித் தூண்டவில்லை. பதவிநீக்கத்தை ஆதரித்த ஜெய்மி ஹெரெரா பியூட்லர் அங்கே 2010 முதல் வென்று வந்தவர், 2020-இல் 13 புள்ளி வித்தியாசத்தில். 2022 ஆகஸ்டில் குடியரசுக் கட்சி வாக்குகள் அவருக்கும், டிரம்ப் ஆதரித்த ஜோ கென்டுக்கும், மூன்றாவதாக நின்ற ஹைடி செயின்ட் ஜானுக்கும் பிரிந்தன. நியூஹவுஸைக் காப்பாற்றிய அதே விதி இவரைக் கைவிட்டது. சுமார் ஆயிரம் வாக்கில் இரண்டாம் இடத்தைக் கென்டிடம் இழந்தார். நவம்பரில் கென்டை எதிர்த்து நின்றவர் வாகனப் பழுதுபார்க்கும் கடை நடத்திவந்த மேரி குளூசன்காம்ப் பெரெஸ். ஜனநாயகக் கட்சிக்கு அங்கே வாய்ப்பே இல்லை என்று பலரும் கணித்திருந்தார்கள். அவர் 3 ஆயிரத்துக்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில் வென்றார். 2024-இலும் கென்ட் அவரை எதிர்த்து நின்றார். மீண்டும் அவரே வென்றார்.